பானெட்டில் விழுந்த நேர்க்கோடுகள்

கார் பாலிஷ் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்தீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டே உங்களில் ஒருவர், "ஐயா, அப்படியே கருப்பு வண்டிக்கு மெழுகு நல்லதா, சிந்தெட்டிக் நல்லதான்னு உங்க அனுபவத்துல ரெண்டு வரி எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கேள்வியைத் தொழிலில் இருந்த காலம் முழுக்கக் கேட்டுவிட்டேன். கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள். இரண்டு டப்பாவில் ஏதோ ஒன்றுக்குள் மோட்சம் இருக்கிறது, கிழவன் எது என்று சொல்லாமல் மறைக்கிறான் என்று நினைப்பு.

கேள்வி கேட்டவரே, போன மாதம் உங்கள் கடையில் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கையுறை போட்டிருந்தீர்கள். நெற்றியில் விளக்கு கட்டியிருந்தீர்கள். ஆபரேஷன் தியேட்டர் தோற்றது போங்கள். துடைத்துக்கொண்டிருந்த துணி கை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுத்து, இரண்டு தட்டு தட்டி, ஒட்டிய மண்ணோடு மறுபடியும் அதே கதவில் தேய்த்தீர்கள். வாயில் மட்டும் பெயிண்டின் தடிமனை அளக்கிற மைக்ரான் கணக்கு குறையவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உங்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்ததுதான் காரணம். அந்தச் சந்தேகத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். சட்டென்று முடித்துவிடலாம். கார்னாபா என்பது பிரேசில் நாட்டில் வளர்கிற ஒரு பனை ஜாதி மரம். அதன் ஓலையில் படிகிற மெழுகைச் சுரண்டி எடுத்துத்தான் மஞ்சள் டப்பாவில் விற்கிற அந்த மெழுகைச் செய்கிறார்கள். கருப்பு வண்டிக்கு அதைப் போட்டால் பெயிண்டுக்கு ஒரு ஆழம் வரும், கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி. ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் ஒரு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். பாலாற்று மணல் லாரி ஒன்று பக்கத்தில் போனால் போதும், பறக்கிற தூசியெல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிந்தெட்டிக் என்பது ரசாயனத்தில் செய்த பாலிஷ், கெட்டியானது. மாதக்கணக்கில் நிற்கும், தூசியை அண்ட விடாது. பளபளப்பு மட்டும் கண்ணாடி போட்ட மாதிரி கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இவ்வளவும் டப்பாவின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. எழுதாத ஒன்று உண்டு. மெழுகு மெல்லிய கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து அவற்றை மூடிவிடும். சிந்தெட்டிக் எதையும் மூடாது, கீழே இருப்பதை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். இதை நான் ஒரு மனிதருடைய பிழைப்பைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, வருடம் சரியாக நினைவில்லை. ஐயம்பேட்டை போகிற ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பாலிஷ் வேலை எனக்கு. வயது இருபத்தாறு. காஞ்சிபுரத்தில் பாலிஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எண்ணம். அப்போது ஊரில் இருந்த கார்களை ஒரு மூச்சில் எண்ணிவிடலாம், அதனால் அந்த எண்ணத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. தலைக்கனத்துக்கு அந்தக் கொஞ்சமே போதும் அல்லவா?

எங்களிடம் வந்த வண்டிகளிலேயே பெரிய மரியாதை ஒரு கருப்பு அம்பாசிடருக்குத்தான். பட்டுப் புடவைக் கடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதருடைய வண்டி அது. அவரை ஜவுளிக்காரர் என்றே சொல்கிறேன். அதை ஓட்டியவர் தணிகாசலம். கூரத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டில் அவருக்கு முன்னால் யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை, எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இரண்டு பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைச் சட்டையும் அந்தக் கார் சாவியும் போனால் மறுநாள் அவரும் ஏர் பிடிக்கத்தான் போகவேண்டும். இதை அவரே என்னிடம் பலமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

மாதம் ஒருமுறை மெழுகு போட வண்டியைக் கொண்டுவருவார். நான் வேலை செய்து முடிக்கும்வரை ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நெசவாளர் தெருவில் விடியற்காலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தால், கஞ்சி போட்டுச் சுருட்டி எடுக்கிறவரை கார் போக வழி கிடையாது. அந்த நேரத்திலும் சும்மா நிற்கமாட்டார், இறங்கி ஒரு பழைய வேட்டித் துண்டால் கதவுகளை வட்டம் வட்டமாகத் துடைப்பார். அவர் கைக்கு அந்த வட்டம்தான் பழக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மெட்ராஸிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். கத்திரி வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்த மனிதரை நான் நம்பியிருக்கவே கூடாது. பையிலிருந்து ஒரு நீல பாட்டிலை எடுத்து, "மெழுகெல்லாம் பழைய காலம் மிஸ்டர். இது சிந்தெட்டிக். ஒரு தடவை போட்டா ஆறு மாசம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். என்னை அதற்கு முன் யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. அங்கேயே விழுந்தேன். மறுநாளிலிருந்து மஞ்சள் டப்பாவைக் கண்டாலே எனக்கு இளக்காரம். ஊரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பாலிமர், பாலிமர் என்று பேச ஆரம்பித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. ஆகையால் பேச்சு நன்றாகவே நடந்தது.

அந்த வாரம் தணிகாசலம் வண்டியோடு வந்தார். வடநாட்டிலிருந்து பெரிய வியாபாரிகள் வருகிறார்கள், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வரவேண்டும், வண்டி ஜொலிக்க வேண்டும் என்று ஜவுளிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? புது மருந்து போடுகிறேன், ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்று ஒர்க்‌ஷாப் போனிலேயே ஜவுளிக்காரரிடம் வாக்குக் கொடுத்தேன்.

சிந்தெட்டிக் பிடிக்க வேண்டுமானால் பழைய மெழுகு முழுக்கப் போகவேண்டும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, சோப்புத் தண்ணீர் விட்டு அலசினேன். மாதா மாதம் ஏறிய மெழுகெல்லாம் வழிந்து போனது. வெறும் பெயிண்ட் வெளியே வந்தது. அப்போதுதான் பார்த்தேன். பானெட் முழுக்கக் கோடுகள். கண்ணாடிப் பக்கமிருந்து முன்பக்கம் வரை, ரூல் தடி வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடுகள். கதவில் இல்லை, கூரையில் இல்லை, டிக்கியில் இல்லை. பானெட்டில் மட்டும்.

"என்னாண்ணா இது? பானெட்டை எதுல துடைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நான் பானெட்டுல கையே வைக்கிறதில்லபா. அது முதலாளி பாத்துக்குவாரு. வெள்ளிக்கிழமை பூஜை முடிச்சிட்டு, கற்பூரம் காட்டிட்டு, அவரே துடைப்பாரு. வண்டி லட்சுமியாம், பட்டுலதான் துடைக்கணுமாம்."

"எந்தப் பட்டு?"

டேஷ்போர்டைத் திறந்து எடுத்துக் காட்டினார். கடையில் மாதிரிக்கு வைக்கிற முந்தானைத் துண்டு. ஒரு விரல் இடம் விடாமல் ஜரிகை. ஜரிகை என்றால் என்ன என்று நம் ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். கம்பி! வாரா வாரம் ஒரு மனிதர் பக்தியோடு கம்பியால் தன் காரைத் தேய்த்திருக்கிறார். நாங்கள் மாதா மாதம் மெழுகைப் போட்டு அதை மூடியிருக்கிறோம். பாலிஷ் போடுகிற ஊர் ஆயிரம் இருக்கும், இப்படி ஒரு முட்டாள்தனம் இந்த ஊரில்தான் நடக்கும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தணிகாசலமும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் நான் செய்திருக்க வேண்டிய வேலை, காம்பவுண்ட் என்கிற உரசும் பசையைப் போட்டுத் தேய்த்து அந்தக் கோடுகளை எடுப்பது. ஒரு நாள் பிடிக்கும். எனக்குப் பொறுமை இல்லை. ஷெட்டின் நிழலில் கோடுகள் மங்கலாகத்தான் தெரிந்தன. மெழுகே மூடியிருக்கிறது, ஆறு மாதம் நிற்கிற மருந்து மூடாதா என்று நீல பாட்டிலைத் திறந்தேன். சாயங்காலம் வண்டி கண்ணாடி மாதிரி நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்து என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் பதினோரு மணி வெயிலில் அந்த வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. தணிகாசலம் ஓட்டிவர, பின்சீட்டிலிருந்து ஜவுளிக்காரர் இறங்கினார். அவர் அந்த வாசலை மிதித்தது அதுவே முதல் தடவை. கடைக்கு முன்னால் வியாபாரிகள் இறங்கும்போது அவர்களில் ஒருவர் பானெட்டைப் பார்த்து, இது என்ன, புது டிசைனா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். வெளியே வந்து பார்த்தேன். வெயிலில் அத்தனை கோடும் வெள்ளி இழை போல மின்னிக்கொண்டிருந்தது. என் நீல பாட்டில் ஒன்றையும் மூடவில்லை. இருந்ததையெல்லாம் கடைத்தெருவில் வைத்துக் காட்டிவிட்டது.

"போன மாசம் வரைக்கும் இது இல்ல. இப்போ இருக்குது. ஒண்ணு உன் மருந்துல வந்திருக்கணும், இல்ல இவன் கையில வந்திருக்கணும். எதுல வந்தது, சொல்லு" என்றார் ஜவுளிக்காரர்.

ஒர்க்‌ஷாப் ஓனர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு இன்னும் மூன்று வண்டி வந்துகொண்டிருந்தது. மெக்கானிக்குகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தணிகாசலம் வண்டிக் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் சொல்லிவிடுவேன் என்கிற தைரியம் அது. உங்க கையிலதான் வந்தது என்று அவரால் முதலாளியிடம் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவன் நான்.

நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன். "பாலிஷ்ல கீறல் வராதுங்க. துடைக்கிற கையிலதாங்க வரும்."

பாருங்கள், இதில் ஒரு சொல் பொய் இல்லை. இதை நான் பல நாள் மெச்சிக்கொண்டிருந்தேன், நான் பொய் சொல்லவில்லையே என்று. அயோக்கியத்தனத்திலேயே மட்டமானது இந்த வகைதான். பொய் சொல்கிறவனுக்காவது மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இருக்கும். உண்மையைப் பாதியில் வெட்டி வைக்கிறவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான்.

ஜவுளிக்காரர் கையை நீட்டினார். தணிகாசலம் சாவியைக் கொடுத்தார். டேஷ்போர்டில் இருந்த தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். அந்த முந்தானைத் துண்டு பக்கத்திலேயேதான் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை. ஐயம்பேட்டை ரோட்டில் வெயிலில் நடந்து போனார். சைக்கிள் ஜவுளிக்காரர் வீட்டில் இருந்தது.

அப்புறம் மூன்று நாள் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஓனர், "விடுப்பா, டிரைவர் வேலையில இதெல்லாம் சகஜம்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். நாலாம் நாள் ஒரு பழைய மட்கார்டை எடுத்துக் கருப்பு அடித்தேன். காய்ந்ததும் முந்தானைத் துண்டு ஒன்றை வாங்கிவந்து நேராக இருபது தடவை இழுத்தேன். பாதிக்கு மெழுகு போட்டேன், பாதிக்கு நீல பாட்டில். வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். மெழுகுப் பக்கம் குளத்துத் தண்ணீர் மாதிரி சுத்தமாக இருந்தது. மறுபக்கம் அத்தனை கோடும் தெரிந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்த டப்பாக்காரனும் தரமாட்டான்.

மட்கார்டைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஜவுளிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோடுகள் நேராக இருப்பதையும், தணிகாசலம் வட்டமாகத் துடைக்கிறவர் என்பதையும், பானெட்டைத் தொடுவது யார் என்பதையும் சொன்னேன். அது வண்டி வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த இடத்திலும் என்னைக் கொஞ்சம் மூடிவைத்துக்கொண்டேன்.

அவர் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் மட்கார்டை மடியில் வைத்துக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். உள்ளே போய், காரிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்தப் பட்டுத் துண்டைக் கொண்டுவந்தார். மடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூஜை அறையில் வைத்துவிட்டு வந்தார்.

"இத்தனை நாளா ஏன் தெரியல?"

"மெழுகு மறைச்சிக்கினு இருந்துதுங்க."

"அப்போ மெழுகையே போட்டுடு."

"தணிகாசலம் அண்ணன்..."

"புது ஆளு வந்துட்டான்பா. இனிமே அவனைக் கூப்ட்டா, ஊருல என்னான்னு பேசுவாங்க?"

அவ்வளவுதான். பேப்பரை எடுத்துக்கொண்டார். கல் மனசு என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று வாசலிலேயே முழுப் பதில் சொல்லியிருந்தால் அவருக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது. ஊரார் முன்னால் ஒருவரைத் துரத்தியாயிற்று, இனி அதை மாற்றினால் கௌரவம் போய்விடும். அந்த நிலைமைக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். என் பங்கை அவர் தலையில் இறக்கிவைக்க எனக்கு உரிமை கிடையாது.

மறுநாள் புது டிரைவர் வண்டியைக் கொண்டுவந்தான். நீல பாட்டிலைத் தேய்த்து எடுத்துவிட்டு மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். காம்பவுண்ட் போட்டுக் கோட்டை எடுக்கட்டுமா என்று சொல்லியனுப்பிக் கேட்டதற்கு, வேண்டாம், மெழுகு போதும் என்று பதில் வந்தது. உள்ளங்கையால் சூடு பண்ணிப் பண்ணி, துளித்துளியாக, பகல் முழுக்கப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பாலிஷ் வேலைகளில் அதுதான் முதல் தரம். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பானெட்டில் ஒரு கோடு தெரியவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நீங்கள் ஒன்று கேட்பீர்கள்: கூரம் எவ்வளவு தூரம், சைக்கிளை மிதித்துப் போய்த் தணிகாசலத்திடம் பேசியிருக்கலாமே என்று. போயிருக்கலாம். போகவில்லை. வேலை இருந்தது, மழை வந்தது, மாட்டுப் பொங்கல் வந்தது. போகாமல் இருப்பதற்குக் காரணம் தேடுகிறவனுக்கு நாள்காட்டி முழுக்கக் காரணம்தான்.

ஐந்தாறு வருடம் கழித்து ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். ரைஸ் மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, தலையெல்லாம் தவிடு. அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏம்பா, நல்லா இருக்கியா?" என்று கேட்டார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். பெண்களைப் பற்றிக் கேட்டேன். சின்னது படிக்கிறது, பெரியதை எட்டாவதோடு நிறுத்தி நடவு வேலைக்கு அனுப்பியாயிற்று என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்த வண்டி எப்படி இருக்குதுபா?"

"இருக்குதுண்ணா. இன்னும் மெழுகுதான்."

டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பானெட்டுக் கோடு நான் போட்டது இல்லபா" என்றார்.

"தெரியும்ணா."

"எப்போ தெரியும்?"

இந்த ஒரு கேள்விக்காவது முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அன்னிக்கே தெரியும்ணா. அவர் கேட்டப்போவே தெரியும்" என்றேன்.

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, முன்னால் நின்ற லாரிக் கண்ணாடியில் படிந்திருந்த தவிட்டை வட்டமாக ஒருமுறை துடைத்துவிட்டு ஏறினார். ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்பா. சொல்லுவே, சொல்லுவேன்னு உன் வாயையே பாத்துக்கினு நின்னேன்."